முதல் வாடகை வீடு: சோபாவுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

என் தம்பிக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். போன வாரம் போன் பண்ணி, "அக்கா, சோபா ஒண்ணு பாத்துட்டேன், மாசம் ரெண்டாயிரத்து நானூறு தவணை" என்றான். "வீடு பாத்துட்டியாடா?" என்று கேட்டேன். "அது பாத்துக்கலாம்க்கா" என்றான். அன்றைக்கு ராத்திரியே அவனுக்காக ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மதுரைக்குள் முதல் வீடு பிடித்துக் குடிபோகிற மற்றவர்களுக்கும் ஆகும் என்று தோன்றியதால் முழுதாகவே எழுதிவிட்டேன்.

நாங்கள் குடிவந்தது 2022-ல். என் கணவர் கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறார். நான் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். கல்யாணச் செலவு போக, மொய், செய்முறை என்று சொந்தக்காரர்கள் செய்த பணமும் எங்கள் சேமிப்பும் சேர்த்துக் கையில் இருந்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அதில்தான் அட்வான்ஸ், வாடகை, சாமான் எல்லாம். கடன் வாங்கவில்லை. சாமான் இல்லாமல் வீடு நிறைய மாதம் காலியாகத்தான் கிடந்தது. அதற்காக நாங்கள் ஒரு நாளும் வருத்தப்படவில்லை.

ஆடியில் தேடுங்கள், ஆவணியில் குடிபோங்கள்

ஆடியில் நம் பக்கம் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆனியில் காலியான வீடு ஆடி முழுக்கப் பூட்டியே கிடக்கும். வீட்டுக்காரருக்கு ஒரு மாத வாடகை போச்சு, அடுத்த மாதமும் போய்விடுமோ என்று மனசுக்குள் ஓடும். பேச்சுவார்த்தைக்கு அதுதான் நேரம். எங்களுக்கு 6,000 சொன்ன வாடகை 5,500-க்கு இறங்கியதும், 60,000 கேட்ட அட்வான்ஸ் 35,000-க்கு வந்ததும் ஆடி பாதியில்தான். அட்வான்ஸைக் கொடுத்து உறுதி செய்துவிட்டு, பால் காய்ச்சியது ஆவணி முதல் முகூர்த்தத்தில். மார்கழியிலும் இதே மாதிரி பார்த்து வைத்துக்கொண்டு தையில் போகலாம்.

எந்தப் பக்கம் பார்ப்பது என்றால், முதலில் பஸ்ஸைப் பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நான் வேலைக்குப் போய்வர ஒரு பைசா செலவில்லாமல் இருப்பது, நாங்கள் பசுமலைக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் நடுவில், பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் போகிற ரோட்டுக்கு நடக்கிற தூரத்தில் வீடு பிடித்ததால். அவருக்கும் கப்பலூர் அதே ரோட்டில்தான்.

வாடகை ஆயிரம் குறைகிறதே என்று ஊருக்கு வெளியே ஒரு வீட்டைப் பார்த்தோம். கணக்குப் போட்டதும் விட்டுவிட்டோம். போக 12 கிலோமீட்டர், வர 12 கிலோமீட்டர் கூடுதல். மாதம் 26 நாளைக்கு 624 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 50 கொடுத்தாலும் பன்னிரண்டரை லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது, மிச்சமாகிற ஆயிரத்துக்கு மேல் பங்க்கில் போய்விடும்.

வீட்டைப் பார்ப்பது எப்படி

டைல்ஸையும் பெயிண்டையும் அப்புறம் பாருங்கள். குழாயைத் திறங்கள். மதுரையில் ஒரு வீட்டில் நிம்மதியாக இருக்க முடியுமா முடியாதா என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது.

போர்த் தண்ணீர் எப்படி என்று புரோக்கரிடம் கேட்காதீர்கள். "அருமையான தண்ணி" என்றுதான் சொல்வார். குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி பொருக்குக் கட்டியிருந்தால் உப்பு அதிகம். நான் கைப்பைக்குள் ஒரு துண்டு சோப்பு வைத்துக்கொண்டு போனேன். ஒரு வீட்டில் கையை நனைத்துச் சோப்பைத் தேய்த்தால் நுரையே எழவில்லை. கை முழுக்கப் பிசுபிசுவென்று வெள்ளைத் திப்பி ஒட்டிக்கொண்டது. அந்தத் தண்ணீரில் துணி துவைத்தால் ஆறு மாதத்தில் சேலை சாயம் மங்கும். வாஷிங் மெஷின், ஹீட்டர் எல்லாவற்றிலும் உப்புப் படியும். சோப்பை உள்ளே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தோம்.

மாநகராட்சித் தண்ணீருக்குப் பக்கத்து வீட்டு அக்காவைக் கேளுங்கள். நாங்கள் இப்போது இருக்கிற தெருவில் அப்படித்தான் ஒரு அம்மாவைக் கேட்டேன். "ரெண்டு நாளைக்கு ஒருக்க வரும்த்தா. காலைல அஞ்சரைக்கு வந்துட்டு ஆறரைக்கு நின்னுரும். நீ வேலைக்குப் போற பிள்ளைன்னா ஒரு பெரிய டிரம் வாங்கிப் போட்டுக்க" என்றார். ஒரே மூச்சில் தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு நேரம் ஓடும், நான் என்ன வாங்க வேண்டும் எல்லாம் சொல்லிவிட்டார். முடிந்தால் தண்ணீர் வருகிற நேரத்துக்கே போய் நின்று பாருங்கள். கீழே உள்ள தொட்டிக்கு வந்து மோட்டார் ஏற்றுகிறார்களா, தெருக் குழாயில் பிடித்துக் குடத்தில் சுமக்க வேண்டுமா என்பது நேரில் நின்றால்தான் தெரியும். மாடி வீடு என்றால் குடம் சுமக்கிற இடுப்பு உங்களுடையது.

அடுத்தது மழைத் தண்ணீர். தல்லாகுளம், பீபிகுளம், ஆத்திகுளம், மாடக்குளம் என்று நம் ஊரில் பாதிப் பேட்டைகளுக்குப் பெயரிலேயே குளம் இருக்கிறது. ஏந்தல், கண்மாய் என்று முடிகிற பெயர்களும் நீர் நின்ற இடத்தைத்தான் சொல்கின்றன. 2024 அக்டோபர் கடைசியில் கொட்டிய மழையில் செல்லூர், பந்தல்குடி கால்வாய் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். அங்கே வீடே எடுக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ குடும்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. தரைத்தளம் என்றால் மட்டும், சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்புக் கோடு இருக்கிறதா, புதுப் பெயிண்ட் அந்த உயரத்துக்கு மட்டும் அடித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வாசல் படி தெருவை விட உயரமா என்றும் பாருங்கள். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, வீடு பள்ளத்தில் இறங்கிப்போன தெருக்கள் நிறைய உண்டு.

மேல் தளம் என்றால் வெயில். பகல் மூன்று மணிக்குப் போய் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியவில்லை என்றால் கத்திரியில் அந்த அறையில் தூங்க முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வாடகை குறைவுதான். ஆனால் சித்திரை, வைகாசியில் கைக்குழந்தையோடு அங்கே இருந்த என் மதினி பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். குழந்தையை எடுத்துக்கொண்டு மதியமெல்லாம் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் போய் உட்கார்ந்திருப்பாள்.

மீட்டரும் எழுத்தும்

வீட்டுக்குத் தனி ஈபி மீட்டர் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனி இணைப்பு இருந்தால்தான் அது உங்களுக்கு வந்து சேரும். நான் கல்யாணத்துக்கு முன் தோழிகளோடு இருந்த வீட்டில், ஒரே இணைப்பில் நான்கு குடித்தனத்துக்கும் சின்ன மீட்டர் மாட்டி வைத்திருந்தார் வீட்டுக்காரர். யூனிட்டுக்கு 9 ரூபாய், முதல் யூனிட்டிலிருந்தே. இரண்டு வருடம் அப்படிக் கட்டினோம். மனசு ஆறவே இல்லை.

தனி மீட்டர் என்றால் ரீடிங் எழுதுகிற வெள்ளை அட்டையை வாங்கி, சர்வீஸ் நம்பரை வைத்துப் பாக்கி ஏதும் நிற்கிறதா என்று பாருங்கள். சாவி வாங்குகிற அன்றைக்கு மீட்டர் எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. கூடவே உடைந்த ஜன்னல் கொக்கி, விரிசல் விட்ட வாஷ்பேசின், சுவரில் ஏற்கெனவே இருக்கிற ஆணி ஓட்டை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி பண்ணும்போது அட்வான்ஸில் எதைப் பிடிப்பது என்ற வாக்குவாதம் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அட்வான்ஸ் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு பேசப் போங்கள். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017-ம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு வேறு தொகை எழுதிக்கொண்டால் அது செல்லும். காலி செய்த பிறகு ஒரு மாதத்துக்குள் கழிக்க வேண்டியதைக் கழித்துப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பதுதான் பழக்கம். எங்களால் மூன்று மாதத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. ஆனால் சட்டம் இப்படி இருக்கிறதாமே என்று மரியாதையாகச் சொன்னதில்தான் தொகை இறங்கியது. கொடுத்த தொகையை ஒப்பந்தத்தில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்லுங்கள். வெறும் கையில் கொடுத்தால் பிற்பாடு கேட்க நாதி இருக்காது. பேங்க் வழியாகவே அனுப்புங்கள்.

ஒத்தி வீடு பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்து, மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருந்துவிட்டு, அதே பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருவது. கேட்க நன்றாக இருக்கும். புதுசாகக் கல்யாணமானவர்கள் நகையை அடகு வைத்தாவது ஒத்திக்குப் போகப் பார்ப்பார்கள். வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். நகைக்கு வட்டி நீங்கள்தான் கட்ட வேண்டும். மூன்று வருடம் கழித்து வீட்டுக்காரர் கையில் பணம் இருக்காது. அடுத்து ஒருவர் ஒத்திக்கு வந்தால்தான் உங்களுக்குத் தருவார். எங்கள் சித்தி அப்படி ஒன்றரை வருடம் அலைந்தார். போயே தீர வேண்டும் என்றால், அந்த வீட்டின் மேல் பேங்க் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். வெறும் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது நாளைக்குக் கைகொடுக்காது.

முதல் நாள்

குடிபோகும் முன் என் அப்பத்தாவிடம் கேட்டேன், என்னென்ன வாங்கட்டும் என்று. "ஒரு குடம் தண்ணி, மரக்கா நிறைய நெல்லு, உப்பு, மஞ்சள், வெளக்கு. இம்புட்டுத்தாந்தா வேணும். மத்ததெல்லாம் தானா வரும்" என்றார். அவர் சொன்னபடியே போனோம். பால் காய்ச்ச அம்மா வீட்டிலிருந்து எடுத்து வந்த பித்தளைச் சட்டி. பால் பொங்கி வழிந்தபோது வீட்டில் ஒரு நாற்காலிகூட இல்லை. வந்தவர்கள் எல்லாரும் கோரைப் பாயில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார்கள்.

முதல் மாதம் நாங்கள் வாங்கியதை அப்படியே தருகிறேன். இன்றைக்கு விலை மாறியிருக்கும். வரிசை மாற வேண்டியதில்லை. ஃபேன் இரண்டு 5,800. மெத்தையும் இரண்டு தலையணையும் 6,400. அடுப்பு 2,300. டிரம், வாளி, குடம் 1,700. பல்பு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், தாழ்ப்பாள் 1,200. பூட்டு 450. சட்டி, பாத்திரம் 3,100. முதல் மளிகை 4,000. கிட்டத்தட்ட 25,000. அட்வான்ஸ், முதல் வாடகை, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, குட்டியானை வண்டி எல்லாம் சேர்த்து ஏற்கெனவே 48,000 போயிருந்தது. மிச்சம் 37,000. அதைத் தொடவில்லை.

மூன்றாம் மாதம் அவர் கம்பெனியில் ஆர்டர் இல்லாமல் மூன்று வாரம் ஷிப்ட் இல்லை என்றார்கள். தீபாவளி வேறு வந்துவிட்டது. அந்த 37,000-தான் எங்களைக் காப்பாற்றியது. சோபாவாகவும் டிவியாகவும் அது மாறியிருந்தால் தவணைக்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றிருப்போம்.

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் கொடுக்கிற பூட்டுக்கு எத்தனை சாவி எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பக்கத்திலேயே திண்டுக்கல் இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. ஒரு நல்ல திண்டுக்கல் பூட்டை வாங்கி மாட்டிவிட்டுத் தூங்குங்கள்.

ஃபேனுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தது வீண் போகவில்லை. பழைய மாதிரி ஃபேன் 75 வாட். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். இரண்டு ஃபேன் என்றால் 108. இலவசமாகக் கிடைக்கிற நூறு யூனிட் ஃபேனுக்கே தீர்ந்தது. நாங்கள் வாங்கிய பிஎல்டிசி ஃபேன், கரண்ட் குறைவாக எடுக்கிற வகை, 30 வாட் அளவில்தான் இழுக்கும். அதே இரண்டு ஃபேன், அதே நேரம், கிட்டத்தட்ட 43 யூனிட்டில் முடிந்துவிடும். மதுரையில் பங்குனியிலிருந்து ஃபேனை நிறுத்துகிற வேலையே கிடையாது. காலி பண்ணும்போது கழற்றிக்கொண்டும் போகலாம்.

கேஸ் இணைப்பு மாறி வரும் வரை தவித்துப் போக வேண்டாம். 5 கிலோ சின்ன சிலிண்டரை ஏஜென்சியிலேயே அடையாள அட்டை காட்டி வாங்கலாம். முகவரிச் சான்று தேவையில்லை. தெருவோரக் கடையில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு மாற்றித் தருவார்களே, அதை மட்டும் செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து. சிலிண்டர் வந்ததும் கைப்பிடியின் உள்பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் வருடமும் இருக்கும், சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய கெடு அது. ஏ என்றால் ஜனவரியிலிருந்து மார்ச், பி என்றால் ஏப்ரலிலிருந்து ஜூன், இப்படியே டி வரை. அந்தத் தேதி தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். டியூப் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும். இதில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கக் கூடாது.

தூங்க ஒரு மெத்தை

கட்டில் ஒரு வருடம் கழித்து வாங்கலாம். மெத்தை முதல் மாதமே வேண்டும். நாள் முழுக்க மெஷின் முன்னால் நிற்கிற மனிதருக்கும், பில் கவுண்டரில் நிற்கிற எனக்கும் ராத்திரி முதுகு சாய்க்க நல்ல இடம் வேண்டும் என்று இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இலவம்பஞ்சு மெத்தைதான் வாங்கினோம். தேனிப் பக்கம் போடியிலிருந்து பஞ்சு வருகிறது. ஃபோம் மெத்தை மதுரைச் சூட்டில் முதுகை வேக வைக்கும். இலவம்பஞ்சு அவ்வளவு சூடு பிடிக்காது. கடையில் தைத்து அடுக்கி வைத்திருப்பதை எடுக்காதீர்கள், உள்ளே கழிவுப் பஞ்சு கலந்திருந்தால் தெரியாது. கண் முன்னால் அடைக்கச் சொல்லுங்கள். நான் போன கடைக்காரர் வயதானவர். மூட்டையைப் பிரித்து ஒரு கை பஞ்சை அள்ளி என் கையில் வைத்து, "நல்லா இறுக்கிப் பிடிச்சுட்டு விடுத்தா" என்றார். விட்டதும் பொசுபொசுவென்று மறுபடி எழுந்து நின்றது. பட்டு மாதிரி வழுவழுப்பு. ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொஞ்சம் போட்டார். மிதந்தது, நனையவே இல்லை. பருத்திக் கழிவு கலந்திருந்தால் அது நனைந்து கீழே இறங்கும் என்று காட்டினார். பிறகு உறைக்குள் அடைத்து, மூலைகளில் கையை விட்டு விட்டு அமுக்கி, கோணி ஊசியால் கட்டு போட்டுத் தைத்துக் கொடுத்தார். ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மாதம் ஒரு தடவை மொட்டை மாடி வெயிலில் இரண்டு பக்கமும் காயப் போட்டு எடுக்கிறோம். இன்றைக்கும் அமுங்கவில்லை.

விரிப்பும் திரைச்சீலையும் விளக்குத்தூண் பக்கம் மீட்டர் கணக்கில் எடுத்து அம்மா மெஷினில் தைத்துக் கொடுத்தார். துண்டு செல்லூர்த் தறித் துண்டு. முதல் மளிகை கீழமாசி வீதியில், மொத்தக் கடையில்.

சும்மா கிடப்பதைக் கேட்டு வாங்குங்கள்

2011-லிருந்து அரசு கொடுத்த விலையில்லா மிக்சி, கிரைண்டர், ஃபேன் எத்தனை வீட்டுப் பரணில் அட்டைப் பெட்டியோடு கிடக்கிறது தெரியுமா? என் பெரியம்மா வீட்டில் இருந்ததைக் கேட்டு வாங்கினேன். கிரைண்டருக்கு பெல்ட் மட்டும் மாற்றினோம். கூச்சப்படாதீர்கள், கொடுத்த பெரியம்மாவுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

செய்முறை செய்கிறவர்களிடமும் வாய் திறந்து சொல்லுங்கள். நம் பக்கம் செய்முறை செய்யாமல் யாரும் விட மாட்டார்கள். சொல்லாவிட்டால் ஐந்து சுவர்க் கடிகாரமும் ஏழு குத்துவிளக்கும் வந்து சேரும். தாய்மாமா "என்னத்தா செய்யட்டும்?" என்று கேட்டபோது, "மாமா, ஒரு குக்கரும் இட்லிக் கொப்பரையும் வேணும்" என்று சொன்னேன். மதினியிடம் தோசைக்கல். அவர்களுக்கும் அலைச்சல் மிச்சம். அப்படியும் இரண்டு முறை வந்துவிட்ட பாத்திரத்தைக் கோயிலைச் சுற்றியுள்ள பாத்திரக் கடைகளில் எடை போட்டு மாற்றிக்கொள்ளலாம். பழைய பித்தளைக்கு நல்ல விலை உண்டு, எவர்சில்வருக்குக் குறைவு.

குழம்புக்கு மானாமதுரை மண்சட்டி வாங்குங்கள், விலையும் கம்மி. அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுண்டிப் பார்த்தால் கணீரென்று கேட்க வேண்டும்; டொக்கென்றால் விரிசல். வாங்கிய அன்றே அடுப்பில் வைத்துவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டு, மறுநாள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிச் சின்னத் தீயில் கொதிக்க விட்டு, அப்படியே ஆற விடுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் பழகிவிடும். என் முதல் சட்டி, பழக்காமல் வைத்ததால் புளி ஊற்றும்போது அடி விட்டது.

பழைய சாமான் வாங்குவதிலும் ஒரு அனுபவம். ஐந்தாம் மாதம், மாற்றலாகிப் போகிற ஒரு குடும்பத்திடம் தேக்குக் கட்டில் 2,000 ரூபாய்க்குக் கிடைத்தது. ராத்திரி எட்டு மணிக்குப் போய், லைட் வெளிச்சத்தில் பார்த்து, சந்தோஷமாக ஏற்றி வந்தோம். மூன்றாம் நாள் ராத்திரி கையெல்லாம் தடிப்பு. கட்டில் பலகையைத் தூக்கிப் பார்த்தால் இடுக்கில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. மூட்டைப்பூச்சி. கட்டிலை முழுக்கக் கழற்றி மாடிக்குத் தூக்கி, ஒவ்வொரு இடுக்கிலும் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, உச்சி வெயிலில் காயப் போட்டு, வாரத்துக்கு ஒரு தடவை இதையே செய்து, ஒழிய ஒரு மாதமானது. ஆகவே பழைய மரச் சாமானைப் பகலில் போய்ப் பாருங்கள். பழைய கார்டு ஒன்றை இடுக்கில் விட்டு இழுத்துப் பாருங்கள். விரல் மூட்டால் தட்டுங்கள். உள்ளே வெற்றுச் சத்தம் கேட்டால் கரையான் தின்றிருக்கிறது. மரம் சரி, இரும்பு இன்னும் சரி. பழைய மெத்தை, பழைய சோபா மட்டும் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பீரோ பட்டறையில் சொல்லிச் செய்தோம், ஏழாம் மாதம். கடைகளில் மினுமினுப்பாக நிற்கும் பீரோ பல மெல்லிய தகடு. கதவை அமுக்கினால் உள்ளே போய் வரும். தகடு எத்தனை கேஜ் என்று கேளுங்கள். எண் குறையக் குறையத் தகடு தடிமன். 22-ஐ விட 20 கேஜ் கனம். கதவை மூடும்போது வருகிற சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

ஃப்ரிட்ஜ் எட்டாம் மாதம். அதுவரை மாவு இரண்டு நாளைக்கு மட்டும் அரைத்தோம். காய்கறி வேலை முடிந்து வரும்போது அன்றன்றைக்கு. அந்த எட்டு மாதத்தில் எங்களுக்கு எவ்வளவு பெரிய ஃப்ரிட்ஜ் வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது. முதலில் நினைத்ததில் பாதி அளவு போதுமாக இருந்தது.

வீட்டு வாசலுக்கே வந்து மிக்சி, கட்டில், சேலை என்று தவணைக்குக் கொடுப்பவர்கள் வருவார்கள். பேச்சு இனிக்கும். கேட்டால் "சும்மா வாரம் இருநூறுதான்த்தா" என்பார்கள். வாரத்தை எண்ணி, இருநூறால் பெருக்கிவிட்டு, அதே பொருளைக் கடையில் விலை கேளுங்கள். நான் ஒரு தடவை கேட்டேன். கடையில் 3,200 விற்கிற மிக்சிக்கு 26 வாரம், 5,200.

ரேஷன் கார்டைத் தள்ளிப் போடாதீர்கள். இருவர் பெயரையும் அவரவர் அம்மா வீட்டுக் கார்டிலிருந்து நீக்கினால்தான் புதுக் கார்டுக்கு மனுப் போட முடியும். தனிச் சமையல் நடக்கிறதா என்று விசாரிக்க வருவார்கள். வாடகை ஒப்பந்தமும் கேஸ் ரசீதும் எடுத்து ஒரு கவரில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி நேற்று மறுபடி போன் பண்ணினான். சோபாவுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லையாம். திருநகர் பக்கம் ஒரு வீடு காலியாக இருக்கிறது, தனி மீட்டர் என்று சொன்னார்கள். சனிக்கிழமை விடிகாலை அஞ்சரைக்கு, நல்ல தண்ணீர் வருகிற நேரத்துக்கு, அந்தத் தெருவில் போய் நிற்கப் போகிறோம். அவன் கட்டிக்கப் போகிற பிள்ளையையும் வரச் சொல்லியிருக்கிறேன். சோப்புத் துண்டு நான் கொண்டுபோகிறேன்.